சிறுமியரின் கைகளும் ஒரு புரதமும்

பெண் குழந்தையொன்று பிறந்து ஓராண்டு வரை குறையின்றி வளர்கின்றது. தவழ்கின்றது, கிலுகிலுப்பையைப் பற்றுகின்றது, இரண்டொரு சொற்களும் பேசுகின்றது. பின்னர்ச் சில மாதங்களுக்குள் அச்சொற்கள் மறைகின்றன. பொருளைப் பற்றிய கை பற்றுதலை மறந்து, நீரிற் கழுவுவது போல மற்றக் கையோடு ஓயாது பிசைகின்றது. நடை தடுமாறுகின்றது, மூச்சு ஒழுங்கு தவறுகின்றது, வலிப்பும் வருவதுண்டு. ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளுள் ஒன்றுக்கு நேரும் இந்நோயை நாம் இவ்வாரம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. மூளையின் வளர்ச்சியில் ஒரேயொரு புரதம் எத்துணைப் பங்கு கொள்கின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

1954ஆம் ஆண்டு வியன்னா நகரக் குழந்தை வைத்தியர் அண்ட்ரேயாஸ் றெட் என்பார், தமது காத்திருப்பு அறையிலே தாயாரோடு வந்திருந்த இரு சிறுமியரின் கைகள் ஒரே விதமாய் அசைவதைக் கண்டார். பழைய குறிப்புக்களைப் புரட்டியபோது அத்தகையோர் வேறு சிலரும் இருந்தனர். 1966இல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதியதை உலகம் பொருட்படுத்தவில்லை. 1983இல் சுவீடன் நாட்டு பெங்ட் ஹாக்பேர்க் முதலியோர் 35 சிறுமியரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பின்னரே றெட்டின் பெயர் நோய்க்கு நிலைத்தது.

நமது உடலின் கலங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பரம்பரையலகுகளே உள்ளன. ஈரற் கலம் ஈரலாகவும் நரம்புக் கலம் நரம்பாகவும் ஆவது, எந்தப் பரம்பரையலகு எவ்வளவிற்கு வாசிக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தது. டீ.என்.ஏ. இழையிற் பல இடங்களில் மெதைல் என்னும் சிறு கூட்டங்கள் அடையாளமாக ஒட்டியிருக்கும். அவ்வடையாளத்தை நாடி அமரும் புரதமொன்றை 1992இல் பிரித்தானிய ஆய்வாளர் ஏட்றியன் பேர்ட் குழுவினர் கண்டனர். மெக்பீ-2 என்பது அதன் சுருக்கப் பெயர். அது தான் அமர்ந்த இடத்திற்கு வேறு புரதங்களை அழைத்து வாசிப்பைத் தணிக்கின்றது. விளக்கை அணைத்துவிடுவதன்று, திரியைச் சற்றே இறக்குவதென மாணவர் கொள்க. முதிர்ந்த நரம்புக் கலங்களில் இப்புரதம் மிகுதியாயுள்ளது.

திரிகள் அளவு பிசகினால் விளைவது யாது? நரம்புக் கலங்கள் மடிவதில்லை. அவை தம்முட் பேசும் பேச்சே குழம்புகின்றது. ஒரு கலம் சுரந்து, தன்னையும் அயற் கலங்களையும் வளரத் தூண்டும் செய்திப் பொருள்களுள் பீ.டீ.என்.எவ். என்பது ஒன்று. மெக்பீ-2 இல்லாத எலிகளின் மூளையில் அது குறைந்திருந்தது. அதனைக் கூட்டியபோது அவ்வெலிகள் சற்று நீண்டு வாழ்ந்தன. செய்தி குன்றிய கலங்களிற் கிளைகள் குறுகுகின்றன; கலமும் கலமும் சந்திக்கும் இடங்கள் அருகுகின்றன; தலையின் வளர்ச்சியும் தாழ்கின்றது.

புரதத்தையும் நோயையும் இணைத்தவர் பெய்ரூத்திற் பிறந்து, லெபனான் உள்நாட்டுப் போரினால் அமெரிக்காவிற் படிப்பை முடித்த வைத்தியர் ஹுடா சோக்பி. 1983இல் ஹியூஸ்டன் நகரில் இந்நோயுற்ற சிறுமியை முதன்முதற் கண்ட அவர், அதன் காரணத்தை 1999இலேயே வெளியிட்டார். பதினாறு ஆண்டுகள்! குடும்பத்தில் ஒருவருக்கே வரும் நோய்க்குப் பரம்பரையலகைத் தேடுவது வீண்வேலை என்றோரும் இருந்தனர்.

அப்பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ளது. பெண்ணுக்கு அது இரண்டு. ஒவ்வொரு கலத்திலும் ஒன்றே தொழிற்படும். ஆதலின் நோயுற்ற சிறுமியின் மூளையில் நற்கலங்களும் குறைக்கலங்களும் விரவியிருக்கும். ஓர் எக்ஸ் மட்டுமுடைய ஆண் குழந்தைக்கு அந்தப் புகலிடமில்லை. பலர் மழலைப் பருவத்திலேயே இறக்கின்றனர். புரதம் இருமடங்கானாலும் கேடே: அவ்வாறான ஆண் பிள்ளைகள் கடும் அறிவுக் குறைபாட்டுடன் வளர்வது 2005இல் தெரியவந்தது.

பெற்றோர் ஒன்றை அறிதல் வேண்டும். இம்மாற்றம் பரம்பரையாக வருவது மிக அரிது. பெரும்பாலும் தந்தையின் விந்துக் கலத்தில் புதிதாக நேருகின்றது. அதுவும் அவர் செய்த எதனாலும் அன்று. கருவுற்றிருந்தபோது தாய் உண்டதையும் உறங்கியதையும் கணக்கெடுத்து அவளைக் குற்றவாளியாக்கும் உறவினர்க்கு விஞ்ஞானத்தில் இடமில்லை.

கலங்கள் மடியவில்லையெனில் அவற்றை மீட்கலாமன்றோ? 2007இல் பேர்ட் குழுவினர், முடக்கி வைத்த அப்பரம்பரையலகை நோயுற்று இறக்கும் நிலையிலிருந்த எலிகளில் மீண்டும் இயங்கச் செய்தனர். மெல்ல மெல்ல இயக்கியபோது நடுக்கம் நீங்கி, மூச்சுச் சீராகி, அவை நடந்தன. விரைவில் இயக்கியபோது ஏறக்குறையப் பாதி எலிகள் மாண்டன. இந்த இரண்டாம் செய்தியை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் கொண்டாடுவார் பலர். மனிதர்க்கு அப்பரம்பரையலகை ஊட்ட முயல்வோர், அது ஒவ்வொரு கலத்திலும் குறையாமலும் மிகாமலும் அமைய வழி தேடவேண்டியுள்ளது.

இடையில், 2023 மார்ச்சில் ட்ரோபினெடைட் என்னும் பருகும் மருந்துக்கு ஐக்கிய அமெரிக்கா அனுமதி வழங்கியது. அது புரதத்தை ஈடுசெய்வதன்று. இன்சுலின் போன்றதொரு வளர்ச்சிக் காரணியின் நுனித்துண்டைப் போலச் செய்யப்பட்டது. இரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ளோர்க்குக் கொடுக்கலாம். பலருக்கு வயிற்றுப்போக்கு உண்டாகின்றது. நோயை அது முற்றாக நீக்குவதுமில்லை. எனினும் இந்நோய்க்கென்றே அங்கு அனுமதி பெற்ற முதல் மருந்து அதுவே.