அந்தப் பத்து வீதம் யாருக்கு?



கொழும்பு கொட்டாஞ்சேனைச் சைவக்கடைகளில் வடைத் தட்டை மேசையில் வைத்து, தின்றதை எண்ணிக் கணக்குச் சொல்லும் பரிமாறுபவருக்கு வாடிக்கையாளர் இருபதோ ஐம்பதோ வைத்துவிட்டு எழும்புகிறார். அது நேரே அவர் சட்டைப்பைக்குப் போகும்.

நகரின் பெரிய உணவகங்கள் பலவற்றில் பில்லிலேயே 10 வீதச் சேவைக் கட்டணம் ஏறிவிடுகிறது. பரிமாறியவருக்கு அதில் எவ்வளவு? கேட்டால் மழுப்பல்தான்.

இலங்கையில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. கொழும்பில் அறை வாடகை, பஸ் காசு போக என்ன மிஞ்சும்?

பிரித்தானியாவில் டிப்ஸ், சேவைக் கட்டணம் முழுவதும் ஊழியருக்கே என்ற சட்டம் 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக அறவிடக்கூடாது என்று டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளருக்கு நிம்மதி, பரிமாறுபவர் சம்பளம் அதனால் ஏறிவிடாது. பத்து வீதம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைப் பில்லிலேயே அச்சிடச் செய்யத் தொழில் திணைக்களம் முன்வர வேண்டும்.

– வாசகர், கொட்டாஞ்சேனை