காவலனைக் கட்டிப்போடாதீர்!

வாயிற்காவலன் கதவைத் திறக்க மறுத்தால் நாம் என்ன செய்கிறோம்? உள்ளே என்ன ஆபத்து என்று கேட்பதில்லை, காவலனைத்தான் ஏசுகிறோம். இயற்பியல் பயிலும் நானும் அப்படித்தான் செய்தேன். அதற்கு நான் கொடுத்த விலையையும், அதனால் எனக்குத் தோன்றிய கருத்தொன்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

என் தாத்தா 1979இல் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜப்பானிய ஸ்டீரியோ ரிசீவரையும் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் கொண்டுவந்தார். பொத்தானை அழுத்தியதும் அது பாடாது. நாலைந்து விநாடி கழித்து உள்ளே ‘டக்’ என்று ஓசை கேட்கும். பிறகுதான் பாட்டு வரும். அந்த ஓசை ஒரு ரிலேயினுடையது. அக்காலத்து ரிசீவர்கள் பலவற்றில் டிரான்சிஸ்டர்களுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே மின்தேக்கி கிடையாது. டிரான்சிஸ்டர் பழுதானால் நேர்மின்னோட்டம் தடையின்றி ஒலிபெருக்கியில் பாய்ந்துவிடும். அதைத் தடுக்க நின்ற காவலனே ரிலே. மின்னழுத்தம் நிலைபெறும் வரை காத்திருப்பான்; தீங்கு கண்டால் கதவைத் திறக்கவே மாட்டான்.

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் ‘டக்’ ஓசை வரவில்லை. ரிலே கெட்டுவிட்டது என்று நானே தீர்ப்பெழுதினேன். அதன் தொடுமுனைகளைத் துண்டுக் கம்பியால் இணைத்தேன். ‘டொம்’ என்றொரு சத்தம். வலப்பக்கப் பெட்டியிலிருந்து கருகல் நாற்றம்!

அதன் பிறகே மல்டிமீட்டரை எடுத்தேன். ரிலேயின் முன்புறத்தில், வலப்பக்க இணைப்பில், ஏறத்தாழ சுழியாக இருக்க வேண்டிய மின்னழுத்தம் 38 வோல்ட்டாக இருந்தது. ஒலிபெருக்கிச் சுருளின் தடை சுமார் 6 ஓம். கணக்கிட்டுப் பாருங்கள்: 240 வாட்! இருபத்தைந்து வாட் சால்டரிங் அயர்ன்கள் ஏறக்குறைய பத்தின் வெப்பத்தை ஒரு மெல்லிய சுருள் எப்படித் தாங்கும்? ரிலே கெடவில்லை, தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

நான் செய்திருக்க வேண்டியது எளிய காரியம். முதலில் ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட வேண்டும். ரிலேயின் முன்புறத்தில் இரு பக்கமும் நேர்மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பல வோல்ட் இருந்தால் குற்றவாளி பெருக்கியே. சில பத்து மில்லிவோல்ட்தான் என்றால் ரிலேயின் சுருளுக்கு மின்சாரம் வருகிறதா, அதை இயக்கும் டிரான்சிஸ்டரும் தாமதத்தைத் தரும் மின்தேக்கியும் நலமா என்று பார்க்க வேண்டும். ரிலேயே குற்றவாளியாவதும் உண்டு. ‘டக்’ ஓசை வந்தும், மெல்லப் பாடும்போது ஒரு பக்கம் அடங்கி, ஒலியைக் கூட்டினால் மீண்டும் பாடுமானால், தொடுமுனைகளில் களிம்பு ஏறியிருக்கக்கூடும். அப்போது அதே அளவுள்ள புது ரிலேயை மாற்றலாம்.

இவ்வளவு எளியது எனக்கு ஏன் தோன்றவில்லை? ஓம் விதி எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும், தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவன் நான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் எங்கள் கைக்கு வருபவை சரியாக இயங்கும் கருவிகளே. விடையும் முன்பே தெரியும். பழுதுற்ற ஒன்றின் முன் நின்று, ‘எங்கே கோளாறு?’ என்று படிப்படியாகத் தேடும் பயிற்சி எங்களுக்கு இல்லை. பருவத்திற்கு இரண்டு வகுப்புகளிலாவது பழுதான கருவிகளை எங்களிடம் தாருங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆபத்து என்பீர்களா? மின்கலத்தில் இயங்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் தொடங்கலாம். ஆசிரியர் அருகில் இருக்கட்டும். அறியாமல் வீட்டில் கம்பியை இணைப்பதைவிட அது பெரிய ஆபத்தா?

வெந்துபோன டிரான்சிஸ்டர்களை மாற்றிவிட்டேன். ரிசீவர் இப்போது பழையபடி நாலைந்து விநாடி காத்திருந்து ‘டக்’ என்கிறது. எரிந்த ஒலிபெருக்கிக்கு இணையானது இன்னும் கிடைக்கவில்லை. இடப்பக்கப் பெட்டி மட்டுமே பாடுகிறது. தாத்தா என்னைத் திட்டவில்லை. “அது வேண்டாம்னுதானே சொல்லுச்சு தம்பி, நீ ஏன்னு கேக்கலையே” என்றார். மூன்றாண்டு இயற்பியலில் நான் கற்காத பாடம் அது.