சிந்திக்கும் முழங்காலும் சிந்திக்காத நாமும்

தாயத்துக் கட்டினால் வியாதி தீரும் என்று சொல்லுகிறவனை நம்மவரில் படித்தவர்கள் பரிகசிக்கிறார்கள். பரிகசிக்க வேண்டியதுதான். ஆனால், வழவழப்பான காகிதத்தில் வர்ணப் படம் போட்டு, நாலு ஆங்கில வார்த்தைகளையும் இரண்டு இலக்கங்களையும் சேர்த்து ஒரு சங்கதி அச்சாகிவிட்டால், அதே படித்தவர்கள் அதை எவ்வித விசாரணையுமின்றி ஏற்றுக்கொள்ளுகிறார்கள். மந்திரவாதியிடம் கேட்கும் கேள்வியை யந்திர வியாபாரியிடம் கேட்கக் கூடாது என்று எந்தப் பகுத்தறிவு விதித்திருக்கிறது?

நான் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. என் தகப்பனார் காலத்தில் அது ரப்பர்த் தோட்டம். அங்கே முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவருக்கு, நீரிழிவினால் புண் ஆறாமல், வலது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டது. அவருடைய மகன் அவரை ஈப்போவில் ஒரு வியாபாரியிடம் அழைத்துச் சென்றபோது, ஆங்கிலம் படித்தவன் என்பதற்காக என்னையும் கூட்டிப் போனார். வியாபாரி விளம்பரப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். சிந்திக்கும் முழங்கால், இயற்கையான நடை, வினாடிக்கு ஆயிரம் தடவை அளக்கும் திறமை என்றெல்லாம் அதில் கண்டிருந்தவற்றை நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். தோட்டம் விற்கப்பட்டபோது கிடைத்த பணத்தில் வாங்கிய வீட்டை அடகு வைத்தாவது அதை வாங்கிவிடுவது என்று மகன் அங்கேயே தீர்மானித்துவிட்டார். நான் வாசித்தவற்றில் எது மெய், எது அலங்காரம் என்பது எனக்கே தெரியாது. பொருள் அறியாமல் மந்திரம் ஓதுகிறவரைக் கேலி செய்து பழகிய நான், அன்று ஆங்கில மந்திரம் ஓதும் புரோகிதனாக உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் அந்த யந்திரம் இன்னதென்று அறிந்துகொள்வோம். கணிப்பொறித் துண்டு பொருத்திய முழங்கால்கள் 1990களில் கடைத்தெருவுக்கு வந்தன. இங்கிலாந்தின் பிளாட்ச்ஃபோர்ட் கம்பெனி முன்னோடிகளில் ஒன்று. ஜெர்மனியின் ஓட்டோபாக் கம்பெனி 1997இல் சி-லெக் என்பதை வெளியிட்டது. பின்னர் ஐஸ்லாந்தின் ஓசுர் கம்பெனி காந்தத்தால் இறுகும் திரவத்தைக் கொண்டு ரியோ என்பதைச் செய்தது. சி-லெக்கின் உள்ளே இருப்பது எண்ணெய்க் குழாய் ஒன்றும் அதில் அடைப்பிதழ்களுமே. முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, காலின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை உணர்விகள் அளந்து சொல்ல, கணிப்பொறி அடைப்பிதழைத் திறந்தோ மூடியோ எண்ணெயின் ஓட்டத்தை மாற்றுகிறது. ஆகவே சரிவில் இறங்கும்போது கால் திடீரென்று மடங்காமல் மெதுவாக மடங்குகிறது. இதுவே ‘சிந்தனை’ என்று விளம்பரம் செய்யப்படுவது. மோட்டார் வைத்த ஓரிரு வகைகள் தவிர, இவை மனிதனைத் தள்ளிவிடுவதில்லை, மேட்டில் ஏற்றிவிடுவதுமில்லை. சைக்கிளின் பிரேக் தானே இடமறிந்து பிடிப்பது போன்ற வேலையே இவை செய்கின்றன. நல்ல வேலைதான். ஆனால் பிரேக்குக்கு மூளை என்று பெயர் சூட்டி விற்பானேன்?

இனி இலக்கங்களுக்கு வருவோம். ஆரம்பத்தில் வந்த சி-லெக் வினாடிக்கு 50 தடவை அளந்தது. ரியோ 1000 தடவை அளக்கிறது என்றார்கள். உடனே நமது மனம் இருபது மடங்கு உயர்ந்த சரக்கு என்று கணக்குப் போடுகிறது. ரப்பர்க் காலத்தில் பால் ஸ்டோரில் மெட்ரோலாக் விட்டுப் பார்த்தவர்களைக் கேட்கிறேன்: வாளிப் பாலில் அதை ஒரு தடவை விட்டாலும் ஆயிரம் தடவை விட்டாலும் பாலிலுள்ள ரப்பர் கூடிவிடுமா? மனிதன் ஒரு காலை எடுத்து வைத்து மறுபடி அதே காலை எடுத்து வைக்கச் சுமார் ஒரு வினாடி ஆகிறது. அந்த ஒரு வினாடியில் 50 அளவுகள் வந்தாலே போதிய செய்தி கிடைத்துவிடும். செய்தி வந்த பிறகு அடைப்பிதழ் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது, தடுக்கி விழப்போகிறவனை ஏந்துகிறதா என்பவையே அறிய வேண்டியவை. கண்ணின் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போட்டு, கையின் வேகத்தைச் சொல்லாமல் விடுவது எந்த ஊர் வியாபார நேர்மை?

விளம்பரங்கள் எல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சாதாரண முழங்காலைவிட இவற்றில் தடுக்குவதும் விழுவதும் குறைகின்றன, சரிவும் படியும் இறங்குவது எளிதாகிறது என்பதற்குப் பல ஆராய்ச்சிகள் ஆதரவு தருகின்றன. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கிழவரைக் கண்டவர்கள் இதை அற்பம் என்று தள்ளமாட்டார்கள். ஆனால், நடப்பதற்குச் செலவாகும் சக்தி குறைகிறது, களைப்பே தெரியாது என்னும் கூற்றில் ஆராய்ச்சிகள் ஒன்றுபடவில்லை. நிரூபணமான மெய்யின் முதுகில் நிரூபணமாகாத பத்து ஆசைகளை ஏற்றி விற்பதையே நான் ஆட்சேபிக்கிறேன்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இம்முழங்கால்கள் பணத்துக்கு ஏற்ற பலன் தருகின்றன என்று கூறும் அறிக்கை ஒன்றை, அமெரிக்காவின் ராண்ட் என்னும் பெயர்பெற்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் 2017இல் வெளியிட்டது. அதற்குப் பணம் கொடுத்தது, செயற்கை அவயவத் தொழிலாளரும் கம்பெனிகளும் சேர்ந்த அமெரிக்கச் சங்கம். முன்பு வெளிவந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிக் கணக்கு மாதிரி ஒன்றில் போட்டு எடுத்த முடிவு அது. பணம் கொடுத்தவரைக் கொண்டே முடிவு பொய் என்று தீர்ப்பது தவறு. பணம் கொடுத்தவர் யாரென்று சொல்லாமல் முடிவை மட்டும் வாசித்துக் காட்டுவதும் தவறுதான். அன்றியும், அமெரிக்காவின் விலையையும் ஆஸ்பத்திரிச் செலவையும் வைத்துப் போட்ட கணக்கு சுங்கை சிப்புட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று யார் சொன்னது?

அதே 2017இல் ஓட்டோபாக், பிளீ என்னும் முழங்காலைச் செய்துவந்த ஃபிரீடம் இன்னொவேஷன்ஸ் கம்பெனியை விலைக்கு வாங்கிற்று. போட்டி ஒழிந்து விலை ஏறும் என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்து, 2019இல் அந்த வியாபாரத்தைக் கைவிடும்படி உத்தரவிட்டது. பிளீ, சி-லெக்குடன் நெருங்கிப் போட்டியிடும் சரக்கு அன்று என்பது வாங்கிய கம்பெனியின் வாதங்களில் ஒன்று. மின்னணு முழங்கால் என்ற ஒரே பெயரில் விற்பவை ஒரே தரத்தவை அல்ல என்று வியாபாரிகளே விசாரணையில் நின்று வாதிக்கையில், பெயரைக் கேட்டே மயங்குகிற நம்மை என்னவென்று சொல்லுவது?

நம்முடைய நிலைமை என்ன? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியரில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். ஆகவே நம்மில் கால் இழக்கிறவர், விளம்பரப் படத்தில் மலையேறும் வாலிபர் அல்லர். வயது சென்று, கண் மங்கி, மற்றொரு காலிலும் உணர்ச்சி குறைந்தவர் அவர். எஞ்சிய தொடையைப் பொருத்தும் கிண்ணம் சரியாக அமையாவிட்டால் எவ்வளவு விலையுள்ள முழங்காலும் மூலையில்தான் சாயும். அறுத்த சில மாதங்களுக்குத் தொடை சுருங்கிக்கொண்டே போவதால் கிண்ணத்தை மாற்ற வேண்டிவரும். நம் நாட்டு உஷ்ணத்தில் உள்ளே வியர்த்துத் தோல் புண்ணாகும். நீரிழிவுக்காரருக்கு அந்தப் புண் மறுபடியும் கத்தியில் கொண்டுபோய் விடலாம். இவை விளம்பரத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன? நீர் புகாது என்பதற்குச் சில வகைகளில் காட்டப்படும் ஐ.பி. 67 முத்திரையின் பொருள், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் முப்பது நிமிஷம் தாங்கும் என்பதே. தைப்பிங் மழையில், சேற்றில், வருஷக்கணக்கில் உழைக்கும் என்று அந்த முத்திரை சொல்லவில்லை.

1968ஆம் ஆண்டுவாக்கில் ஜெய்ப்பூரில் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் ஒரு செயற்கைப் பாதம் செய்தார்கள். செருப்பின்றி நடக்க வேண்டும், சம்மணமிட்டு உட்கார வேண்டும், வயலில் இறங்க வேண்டும் என்று அங்குள்ள ஜனங்களின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்தார்கள். அதன் முக்கியப் பொருள் நாம் பரம்பரையாகச் சீவிய ரப்பர். பாதம் வேறு, முழங்கால் வேறு என்பதை மறக்கவில்லை. ஜெய்ப்பூர்ப் பாதத்தையும் கும்பிட வேண்டாம். மனிதனின் வாழ்க்கையிலிருந்து யந்திரத்துக்குப் போன அந்த வழியைத்தான் கவனிக்கச் சொல்லுகிறேன்.

“அப்படியானால் ஏழைக்கு நல்ல கால் வேண்டாமா?” என்று சிலர் சீறுவார்கள். வேண்டும். விழாமல் நடக்கும் உரிமை துரைக்கு மட்டும் உரியதன்று. ஆகவேதான் வீட்டை அடகு வைக்குமுன் விசாரிக்கச் சொல்லுகிறேன். பெர்கேசோவில் சந்தா கட்டியவர்கள் முதலில் அங்கே தங்கள் உரிமையைக் கேட்கட்டும். வியாபாரியிடம் போகிறவர்கள் இவற்றை எழுத்தில் கேட்கட்டும்: எந்த வயதினரிடம், எந்த வியாதியுள்ளவரிடம் இது பரீட்சிக்கப்பட்டது? அந்தப் பரீட்சைக்குப் பணம் கொடுத்தவர் யார்? என்னுடைய கிண்ணத்தில், என் வீட்டு வாசலில், சில வாரம் நடந்து பார்த்துப் பிறகு வாங்கலாமா? பழுதானால் எங்கே சீர்செய்வீர்கள், அதுவரை எந்தக் காலில் நடப்பது? உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு செலவு எவ்வளவு? வாயால் ஆயிரம் சொல்லுகிறவர் காகிதத்தில் ஐந்துக்குப் பதில் எழுதத் தயங்கினால், அந்தத் தயக்கமே பதில்.

அன்று ஈப்போவில் வியாபாரி ஒரு வாலிபர் படிகளில் ஓடி இறங்கும் காட்சியைத் திரையில் காட்டினார். மகனும் நானும் வாய் திறந்து பார்த்தோம். பெரியவர் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “கிராணியாரே, அந்தத் தம்பி நல்லா நடக்குது. நான் இதை மாட்டிக்கிட்டு வெளியே அந்தச் சரிவுல ஒரு நடை நடந்து பார்க்கலாமான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார். நான் கேட்டேன். முதலில் முன்பணம் கட்ட வேண்டும் என்று பதில் வந்தது. பெரியவர் கைத்தடியை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தையே காணாத அவருக்குத் தோன்றிய கேள்வி, புத்தகம் முழுவதும் வாசித்த எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதைத் தோழர்கள் யோசித்துப் பார்ப்பார்களாக.