ஓடுற பிள்ளைக்கு முதல்ல சோறு போடுங்க

"டாக்டர், பொண்ணு டிஸ்ட்ரிக்ட் லெவல்ல ஓடுறா. புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா?"

விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "காலைல கிரவுண்டுக்குப் போறதுக்கு முன்னாடி பாப்பா என்ன சாப்பிடுது?"

பெரும்பாலும் வரும் பதில், "ஒரு டீ சார். சில நாள் அதுவும் இல்ல."

கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரவு 8 மணிக்குச் சாப்பாடு. காலை 5.30க்கு கிரவுண்ட். 7.30 வரை ஓட்டம். அவசரமாகக் குளித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடம். அடுத்து வயிற்றுக்குள் போவது 12.30 மணி மதியச் சாப்பாடு.

நடுவில் 16 மணி நேரத்துக்கும் மேல். அதில் 2 மணி நேரம் கடும் பயிற்சி. வளரும் வயசு வேற.

இந்தப் பிள்ளைக்குக் குறைவது பவுடர் இல்லை. சாப்பாடு.

வருமானம் பத்தாத வீட்டில் என்ன செய்வோம்? அரிசி, பருப்புச் செலவை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் நிறுத்துவோம். உடம்பும் அதையேதான் செய்கிறது. இதயம், மூளை ஓட வேண்டும். மற்ற செலவுகளை வெட்டுகிறது.

பெண் பிள்ளைகளில் அது முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று மாதவிடாய்.

"நல்லா ஓடுறா, உடம்பு இறுகிடுச்சு, அதான் பீரியட்ஸ் வரல" என்று சொல்கிறார்கள். சிலர் இதை ஃபிட்னஸ் என்றே நினைக்கிறார்கள்.

ஃபிட்னஸ் இல்லைங்க. அது பசியின் அறிகுறி.

பீரியட்ஸ் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பு வலு சேர்வது இந்தப் பதின்ம வயதில்தான். கெண்டைக்கால் எலும்பில் வலி, தைலம் தேய்த்தும் போகவில்லை என்று வரும் பிள்ளைகளில் சிலருக்கு எலும்பில் மெல்லிய விரிசலே விழுந்திருக்கும்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல் இந்த நிலைக்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது. செய்யும் பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததால் வரும் கோளாறு. ஆண் பிள்ளைகளுக்கும் வரும். அவர்களிடம் மாதவிடாய் மாதிரி ஒரு எச்சரிக்கை மணி இல்லாததால் தெரியாமல் போகிறது.

ஆகவே 3 மாதம் தொடர்ந்து பீரியட்ஸ் வராவிட்டாலும், 15 வயது முடிந்தும் வயசுக்கு வராவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு உள்ளிட்ட வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு வரவைக்காதீர்கள். ரத்தப்போக்கு வரும், எலும்பு சரியாகாது.

அடுத்தது ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. "முன்ன மாதிரி ஓட மாட்டேங்குறா, சோம்பேறி ஆயிட்டா" என்று கோச் திட்டும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை இலவசம்.

சரி, என்ன கொடுக்கலாம்?

🔹 பயிற்சிக்கு அரை மணி முதல் 1 மணி நேரம் முன்: ஒரு வாழைப்பழம், கூட 3 பேரீச்சை. அல்லது 2 இட்லி. அல்லது ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ். "சாப்பிட்டு ஓடினா வாந்தி வருது" என்றால் அரைப் பழத்தில் ஆரம்பியுங்கள். ஓரிரு வாரத்தில் வயிறு பழகிவிடும்.

🔹 முடித்த 1 மணி நேரத்துக்குள்: வயிறு நிறைய இட்லியோ பொங்கலோ, கூடவே முட்டை. நேரமில்லையா, டப்பாவில் கட்டிக் கொடுங்கள்.

🔹 டீ, காபி சாப்பாட்டோடு வேண்டாம். 1 மணி நேரமாவது தள்ளி. இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர உதவும்.

இப்போது புரோட்டீன் கணக்கு.

45 கிலோ எடையுள்ள விளையாட்டுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு சுமார் 55 முதல் 70 கிராம் போதும்.

2 முட்டை - 12
வேர்க்கடலை 50 கிராம் - 12
கொண்டைக்கடலை 50 கிராம், சுண்டலாக - 10
பால், தயிர் 400 மி.லி. - 13
சாம்பாரில் பருப்பு 30 கிராம் - 7
நாள் முழுக்க இட்லி, சோறாகப் போகும் 250 கிராம் அரிசி - 17க்கு மேல்

கூட்டினால் 70 வந்துவிட்டது. டப்பா எங்கே தேவைப்பட்டது?

பவுடர் விஷம் என்று சொல்லவில்லை. ஆனால் மொத்தச் சாப்பாடே பத்தாதபோது, காசு போட்டு வாங்கிய புரோட்டீனையும் உடம்பு விறகு மாதிரி எரித்துவிடும். தசையாக மாறாது. ஊர் பேர் தெரியாத டப்பாக்களில் ஸ்டீராய்டு கலப்படம் வேற. ஊக்கமருந்து சோதனையில் சிக்கினால் "எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது.

கடைசியாக ஒரு கோரிக்கை.

ஊரில் போட்டி நடத்துகிறீர்கள். கோப்பை, டீ-ஷர்ட், ஃப்ளெக்ஸ் எல்லாம் ஸ்பான்சர் செய்கிறீர்கள். மகிழ்ச்சி. அடுத்த முறை ஒரு ஃப்ளெக்ஸைக் குறைத்துக்கொண்டு, கிரவுண்டுக்கு ஒரு தார் வாழைப்பழமும் அவித்த முட்டையும் வரச் செய்யுங்கள். பள்ளி நிர்வாகமும் காலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாட்டைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைக்க வேண்டும். ஷூ இல்லாமல் ஓடவிட மாட்டோம் என்கிறோம். வெறும் வயிற்றோடு மட்டும் ஏன் ஓடவிடுகிறோம்?

நாளை காலை உங்கள் பிள்ளை கிரவுண்டுக்குக் கிளம்பும்போது, கையில் ஒரு பழத்தைக் கொடுத்து, சாப்பிடும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.