ஒரிஜினலா சார்?

நண்பர் ரிட்டயர் ஆகி நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி பண்றார். பரண்ல இருந்து ஒரு படம் இறங்குச்சு. மதுரைக் கோயில், ஆனா ஜப்பான் மரக்கட்டை அச்சு! ஹிரோஷி யோஷிதா 1930-31ல இந்தியா சுத்திட்டுப் போய்ச் செஞ்சது. "ஒரிஜினலா சார்?"ன்னார்.

என்னைக் கேட்டா, அந்தக் கேள்வியே தப்பு. ஒரே கட்டைகள்ல எத்தனை பிரதி போட்டாலும் எல்லாம் ஒரிஜினல்தான். யார் மேற்பார்வையில அச்சாச்சு, அதான் கேள்வி. யோஷிதா தானே பார்த்து அச்சடிச்சதுக்கு இடது ஓரத்துல 'ஜிஸூரி'ன்னு முத்திரை இருக்கும். "நானே அச்சிட்டது"ன்னு அர்த்தம். 1950ல அவர் காலமான பிறகு, அதே கட்டைகள்ல குடும்பத்தார் போட்ட பிரதிகள்ல அது கிடையாது. விலையும் ரொம்பக் கம்மி.

நண்பர் படத்துல அந்த இடம் காலி. "அப்ப டூப்ளிகேட்டா?" முகம் வாடிடுச்சு.

திருப்பிப் பாருங்கன்னேன். சாயம் பின்பக்கம் ஊறியிருந்தது. லென்ஸ் வெச்சும் பார்த்தோம். காலண்டர் மாதிரி புள்ளிகள் இல்லை. கட்டையில அச்சானதுதாங்க! ஜிஸூரி இல்லேன்னு இதைப் பழைய பேப்பர் விலைக்குத் தள்றது அநியாயம்.

பிரேம் கடைக்காரர் வெள்ளை ஓரத்தை வெட்டிட்டா அழகா இருக்கும்னாராம். பதறிட்டேன். இருக்கிற ஒரே சாட்சியே அந்த ஓரம்தானேய்யா :-)