இரண்டு சைஸ் பெரிய துப்பாக்கி

பள்ளி திறக்கிற மாதத்தில் சீருடையை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்து, "வளர்ற பிள்ளைதானே, அடுத்த வருஷம் சரியாயிடும்" என்று மாட்டிவிடப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே புத்தியோடு டெக்சாஸில் பிள்ளைக்கு வாங்கத் துப்பாக்கிக் கடைக்குள் நுழையாதீர்கள். தொளதொளச் சட்டைக்கு வகுப்பில் கேலிதான் செய்வார்கள். தொளதொளத் துப்பாக்கி அப்படி விடாது.

போன வாரம் நம்மவர் ஒருவர் வீட்டில் ஒன்பது வயதுப் பையனின் பிறந்தநாள் பரிசைக் காட்டினார்கள். பெரியவர்களுக்கான .30-06 ரைஃபிள், ஸ்கோப்போடு மூன்றரைக் கிலோவுக்குக் குறையாது. பையன் தூக்கிக் காட்டினான். இடுப்பை முன்னே தள்ளி, முதுகைப் பின்னால் வளைத்து, நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிய மாதிரி நின்றான். பின்கட்டை தோளில் பொருந்தாமல் அக்குளுக்கு அடியில் போயிருந்தது. விரல் விசையை எட்டவில்லை. அப்பா போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். யாருக்கு வாங்கினீர்கள் ஐயா? அவனுக்கா, உங்களுக்கா?

நான் ஒன்றும் யோக்கியமில்லை. என் மகள் முதன்முதலில் சுட்டதும் என் வீட்டுக்காரர் இரவல் வாங்கிவந்த பெரியவர்கள் ரைஃபிளில்தான். நீளம் போதாத கழுத்தை முன்னே நீட்டி, கண்ணை ஸ்கோப்போடு ஒட்டிவைத்துச் சுட்டாள். துப்பாக்கி பின்னால் உதைத்தது. ஸ்கோப்பின் வளையம் புருவத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு போட்டுவிட்டது. வெட்டு பத்து நாளில் ஆறியது. பயம்தான் ஆறவில்லை.

அந்தப் பயத்தை எங்களுக்குக் காட்டியவர் ஒரு வயதான பயிற்சியாளர். அவளுக்குத் தெரியாமல் திரும்பி நின்று, தோட்டா போட்டும் போடாமலும் துப்பாக்கியை மாற்றி மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது முறை உள்ளே ஒன்றும் இல்லை. விசையை அழுத்தினாள், 'டிக்' என்றது. வெடிக்காத துப்பாக்கியின் குழல் நாலு விரற்கடை கீழே குத்தியது. இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு சுடுகிற பிள்ளையை மான் நிற்கும் காட்டுக்குக் கூட்டிப்போவீர்களா?

எனவே அளவு எடுங்கள். தோட்டா இல்லை என்று நீங்களும் கடைக்காரரும் ஒவ்வொரு முறை திறந்து பார்த்த பிறகு, பிள்ளையின் முழங்கையை மடக்கி, பின்கட்டையின் அடியை அந்த மடிப்பில் வையுங்கள். சுட்டுவிரலின் சதைப்பகுதி இயல்பாக விசையை எட்ட வேண்டும். பெரியவர்கள் துப்பாக்கியில் பின்கட்டை அடிக்கும் விசைக்கும் இடையிலான தூரம் பதின்மூன்றரை அங்குலம் அளவில் இருக்கும். சாவேஜ் ராஸ்கல் மாதிரியான குழந்தை ரைஃபிள்களில் பதினோரு அங்குலத்தை ஒட்டித்தான். ராஸ்கலின் எடையும் சுமார் ஒன்றேகால் கிலோதான். ஒரு நேரத்தில் ஒரே தோட்டா. சுட்டால் மறுபடி திறந்து போட வேண்டும். அந்த இடைவெளியில்தான் பிள்ளை யோசிக்கக் கற்றுக்கொள்கிறது. பத்துத் தோட்டா மேகஸினுக்கு இப்போது என்ன அவசரம்?

முதல் துப்பாக்கி .22ஆக இருக்கட்டும். உதை இல்லையென்றே சொல்லலாம். அதில் மான் வேட்டையாட டெக்சாஸ் சட்டம் இடம் தராது, அணில் ஆகும். (இதை ஊரிலிருக்கும் என் மாமியாரிடம் போனில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ராமர் தடவிக்கொடுத்த அணிலை அந்தம்மா விட்டுக்கொடுப்பாரா?) மானுக்கு வரும்போது 1955-இல் வந்த .243 வின்செஸ்டர் ரகத் தோட்டா இருக்கிறது; .30-06-இன் உதையில் ஏறக்குறைய பாதிதான். சின்னது என்பதற்காக .22-ஐ விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் குண்டு ஒன்றரை மைல் வரை போகும். சத்தமும் காதைக் கெடுக்கும், காது மூடி கட்டாயம். தோட்டாவில் ஈயம் இருக்கிறது. ரேஞ்சிலிருந்து வந்த கையோடு முறுக்கு டப்பாவில் கைவிட விடாதீர்கள்.

இன்னொன்று, நம்மவர்கள் பலர் கேட்டதும் முழிக்கிற விஷயம். எச்-1பி விசாவில் இருப்பவர் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. "பையனுக்குத்தானே வாங்கினேன்" என்பது பதிலாகாது. 1971 செப்டம்பர் 2-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டையாட, வேட்டைக் கல்வி முடித்திருக்க வேண்டும். ஒன்பது வயதிலிருந்தே சான்றிதழ் தருகிறார்கள். அந்தத் தேதியைப் பார்த்தீர்களா? உங்களில் பெரும்பாலோருக்கும் அது பொருந்தும். பிள்ளையை வகுப்பில் இறக்கிவிட்டுக் காரில் உட்கார்ந்து போன் பார்க்காமல், உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம், துப்பாக்கியை வீட்டில் எங்கே வைக்கப் போகிறீர்கள்? 2013 ஏப்ரலில் கென்டக்கியில், பரிசாக வந்த சின்ன .22 ரைஃபிள் ஒன்று வீட்டின் ஒரு மூலையில் சாத்திவைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு தோட்டா இருந்தது பெரியவர்களுக்குத் தெரியவில்லை. ஐந்து வயது அண்ணன் கையில் அது வெடித்து, இரண்டு வயதுத் தங்கை செத்துப்போனாள். அந்தத் துப்பாக்கி அவனுடையது, அவன் அளவுக்கே செய்தது. அதனால்தான் சொல்கிறேன்: "அவனோட துப்பாக்கி" என்ற பேச்சே வீட்டில் வேண்டாம். துப்பாக்கி பெட்டகத்துக்குள் பூட்டில், தோட்டா வேறோர் இடத்தில் வேறு பூட்டில், சாவி உங்களிடம். பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளை தோட்டா போட்ட துப்பாக்கியை எடுக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் டெக்சாஸில் அது பெற்றோர் மீதே வழக்கு. பூஜையறை அலமாரி மேல்தட்டு பெட்டகம் ஆகாது. நாற்காலி போட்டு ஏறி அதிரசம் எடுத்தவர்கள்தானே நாம்?

வாங்கிவிட்டால் பெரும்பாலான கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் வாங்குமுன் ஒரு ஞாயிறு காலை பிள்ளையோடு ரேஞ்சுக்கு வாருங்கள். என் மகளுக்குச் சின்னதாகிப்போன .22 இன்னும் எங்களிடம் இருக்கிறது. நான் பக்கத்திலேயே நிற்கிறேன், தோளில் வைத்துப் பார்க்கட்டும். காது மூடி மட்டும் அவனவன் தலைக்குப் பொருந்துகிறதாகக் கொண்டுவாருங்கள். அதையும் இரண்டு சைஸ் பெரிதாக வாங்கித் தொலைக்காதீர்கள்.