எலி யார்?

‘‘நம்ம ஆளுங்களை சோதனை எலியாக்குறாங்க சார்!’’

மருந்துப் பரிசோதனை என்று பேச்சை எடுத்தாலே நம் ஊரில் வந்து விழும் முதல் வாக்கியம் இதுதான். டீக்கடை பெஞ்சிலும் இதையே சொல்கிறார்கள். டி.வி. விவாதத்தில் கோட் போட்டு உட்கார்ந்திருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். சினிமாவைக் கேட்கவே வேண்டாம். வில்லன் டாக்டர் என்றால் அவருக்கு ரகசிய ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தே தீரும்.

இந்தக் கோபத்தில் பாதி, முழுக்க நியாயமானது. மீதிப் பாதி நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

முதலில் ஒரு கேள்வி. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டீர்களே, அது உங்களுக்குப் பலன் தரும் என்று உங்கள் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

மூன்று பதில்கள்தான் சாத்தியம். ஒன்று, உங்களுக்கு முன்னால் சில ஆயிரம் பேர் அதைச் சாப்பிட்டு, யாரோ ஒழுங்காகக் கணக்கு எழுதி, அந்தக் கணக்கை ஊரறிய வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டு, மருந்து கம்பெனி ரெப் சொன்னார். மூன்று, ‘‘என் அனுபவத்துல சொல்றேன், நல்லா கேட்கும்.’’

இரண்டாவதும் மூன்றாவதும்தான் பதில் என்றால், எலி யார்? சாட்சாத் நீங்கள்தான். பரிசோதனையில் சேர்ந்தவரிடமாவது கையெழுத்துக் கேட்பார்கள். அவருக்கு வாந்தி வந்தால்கூட நோட்டில் எழுதி வைப்பார்கள். உங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, எதையும் எழுதவும் இல்லை.

‘அனுபவம் பொய் சொல்லுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். சொல்லும். கூசாமல் சொல்லும்.

1980-களில் அமெரிக்காவில், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் பலருக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். தாறுமாறான துடிப்பு வருகிறவர்கள் திடீரென்று இறந்துபோகிறார்கள். எனவே துடிப்பைச் சீராக்கினால் சாவைத் தடுக்கலாம். கேட்பதற்கு எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது! மாத்திரை போட்டதும் ஈ.சி.ஜி. கோடுகளும் அழகாக மாறின. இவ்வளவு நல்ல மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் வெற்று மாத்திரை கொடுத்துச் சோதிப்பது அநியாயம் என்று நினைத்த டாக்டர்களும் இருந்தார்கள்.

நல்லவேளையாகச் சோதித்தார்கள். என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்ற இரண்டு மருந்துகள். குலுக்கல் முறையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989-ல் இந்த மருந்துகளின் சோதனையை அவசரமாக நிறுத்தினார்கள். காப்பாற்றுவதாக நினைத்த மருந்து கொன்றுகொண்டிருந்தது. அதை எழுதிக்கொடுத்த டாக்டர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் அனுபவம் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாரடைப்பு வந்தவர் இறந்துபோனால் ‘மாரடைப்பில் போய்ட்டார்’ என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? மாத்திரையை யார் சந்தேகப்படுவார்கள்?

(ஃபிளெகெய்னைடு இன்றும் வேறு வகை நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. யாருக்குத் தரலாம், யாருக்குத் தரக்கூடாது என்று தெரிந்ததே இந்தக் கணக்கால்தான்.)

இதைவிட வயிற்றெரிச்சலான ஒரு பின்கதை உண்டு. 1980-லேயே பிரிட்டனில் இதே வகையைச் சேர்ந்த லோர்கெய்னைடு என்ற மருந்தை நூறுக்கும் சற்றுக் குறைவான நோயாளிகளிடம் சோதித்திருந்தார்கள். மருந்து சாப்பிட்ட கோஷ்டியில் 9 பேர் இறந்தார்கள். மற்ற கோஷ்டியில் ஒருவர். வணிகக் காரணங்களால் அந்த மருந்தை மேற்கொண்டு உருவாக்கும் முயற்சி கைவிடப்பட்டது. ஆய்வு முடிவும் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. அதைச் செய்த டாக்டர்களே 1993-ல் தூசி தட்டி வெளியிட்டு, இது முன்கூட்டியே ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கலாமே என்று எழுதினார்கள். 13 வருஷம். இடையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஆக, பாவம் இரண்டு வகை. சோதிக்காமலே கொடுப்பது ஒன்று. சோதித்துவிட்டு மறைப்பது இன்னொன்று. நம் கோபமெல்லாம் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, சோதிப்பவன் மேல் மட்டும் பாய்கிறது.

‘அதெல்லாம் வெளிநாட்டுக் கதை’ என்பீர்கள். சரி, நம் கதைக்கு வருவோம். 2021 ஏப்ரல், மே மாதங்கள் நினைவிருக்கிறதா? உங்கள் செல்போனில் எத்தனை வாட்ஸ்அப் செய்திகள்? ‘அவசரம், பி பாசிட்டிவ் பிளாஸ்மா தேவை.’ கொரோனாவில் தவிக்கும் அப்பாவுக்காக, கணவருக்காக முகம் தெரியாதவர்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். அந்தத் தவிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால், அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, 2020 அக்டோபரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டிலேயே 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு வெளியாகிவிட்டது. பிளாஸ்மா ஏற்றியவர்களில் நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் 100-க்கு 19 பேர். ஏற்றாதவர்களில் 100-க்கு 18 பேர். அதாவது, ஒரு பிரயோஜனமும் இல்லை. நம்மவர்கள் செய்த ஆய்வு, நம்மவர்கள் ரத்தம், நம்மவர்கள் உழைப்பு. அதை நாமே மதிக்கவில்லை. அரசின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை நீக்க 2021 மே மாதம் ஆனது.

‘எங்க மாமா பிளாஸ்மா ஏத்தித்தான் பிழைச்சார்’ என்று உங்களில் சிலர் இப்போதும் சொல்வீர்கள். மாமா நன்றாக இருக்கட்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏற்றியவர்களில் 100-க்கு 81 பேர் அந்த நிலைக்குப் போகாமல் தப்பினார்கள். ஏற்றாதவர்களில் 82 பேர். ஏற்றாமலே தப்பியவர் எதற்கு நன்றி சொல்வார்? குலதெய்வத்துக்குச் சொல்வார். ‘கைராசி டாக்டர்’ என்ற பட்டமும் இப்படித்தான் உருவாகிறது. பிழைத்தவர் ஸ்வீட் பாக்ஸோடு திரும்பி வருகிறார். பிழைக்காதவர் வருவதில்லை.

அதே 2020-ல் பிரிட்டனில் டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்தைச் சோதித்தார்கள். வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதே சோதனையில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தோற்றது. இரண்டுமே குலுக்கிப் போட்டுக் கணக்கெடுத்ததால் தெரிந்தவை. எந்தக் கைராசியும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

சென்னைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு, பாதிப் பேருக்குத் தெரியாது. 1956-ல் இங்கே காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய நிறுவனம் அதுதான். அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, முட்டை, பால், முழு ஓய்வு. அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன? ‘குடிசையில் போதிய சோறில்லாமல் இருப்பவனுக்கு மாத்திரை மட்டும் என்ன செய்யும்? வீட்டில் எல்லோருக்கும் தொற்றிவிடுமே’ என்ற பயம் நியாயமாகத்தான் தோன்றியது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் முடிவு வெளியானது. உலகம் காசநோய்க்கு மருத்துவம் பார்க்கும் முறையே மாறியது. உலகமெங்கும் கோடிக்கணக்கான ஏழைகள் வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் போகாமல் வைத்தியம் பார்த்துக்கொள்ள வழி செய்தவர்கள் அந்த 193 சென்னைவாசிகள். அவர்களை எலிகள் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

இனி, கோபத்தின் நியாயமான பாதி.

2009-ல் ஒன்றுபட்ட ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பெண் குழந்தைகள் பலருக்கு, அப்பா அம்மாவிடம் கேட்காமல் வார்டனே கையெழுத்துப் போட்டார். சில சிறுமிகள் இறந்தார்கள். அதற்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது அரசு விசாரணைக் குழு. ஆனால் கேட்காமல் போட்ட ஊசியை யார் நம்புவார்கள்? 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. உயிர் காக்கும் நல்ல தடுப்பூசி அது. ஒரு வார்டனின் கையெழுத்து அதன் பெயரை வருடக்கணக்கில் கெடுத்துவைத்தது. ஏழையின் சம்மதத்தைக் கிள்ளுக்கீரையாக நினைத்தால் இதுதான் நடக்கும்.

இன்னொரு சங்கடமான விஷயம், நிலவேம்புக் குடிநீர். 2017-ல் டெங்கு பரவியபோது, ஆய்வு முடியும் வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் ரசிகர்களுக்குச் சொல்லப்போக, போலீஸ் புகார் வரை போனது. நிலவேம்பு கேட்கும் என்றோ கேட்காது என்றோ நான் சொல்ல வரவில்லை. லட்சக்கணக்கானவர்களுக்குத் தெருத்தெருவாக அரசே ஊற்றிக் கொடுத்ததே, அதையே ஒழுங்கான சோதனையாக நடத்தியிருந்தால் இந்நேரம் சண்டைக்கே வேலை இருந்திருக்காது. கேள்வி கேட்டால் சித்தருக்கு அவமானம் என்பவர்களைப் பார்த்துக் கேட்கிறேன்: உங்கள் மருந்தின் மேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?

2009-லிருந்து இந்தியாவில் ஒவ்வொரு மருந்துப் பரிசோதனையையும் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். 2019 விதிகளின்படி, பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. சட்டம் இருக்கிறது. நாம் கேட்க வேண்டியவை மூன்று. சம்மதப் படிவம், வக்கீல் தமிழில் இல்லாமல், கையெழுத்துப் போடும் அம்மாவுக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவை வெளியிட வேண்டும். வெளியிடாத கம்பெனிக்கு அடுத்த அனுமதி கிடையாது. அரசு தன் செலவில் கொடுக்கும் மருந்து அலோபதியோ சித்தாவோ, ஒரே அளவுகோல்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மரியாதையாகவே கேளுங்கள்: ‘‘இது யார்கிட்ட சோதிச்சுப் பார்த்தது டாக்டர்? சாப்பிடலைன்னா என்ன ஆகும்?’’ நல்ல டாக்டர் உட்கார வைத்துச் சொல்வார். எரிந்து விழுந்தால், வேறு டாக்டரைப் பாருங்கள்.